செய்ததைக் காட்டச் சொல்லுங்கள்

(சேலத்தில், தொழிற்கல்விப் பிரிவில் சிறந்து விளங்கிய மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான பாராட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர்களே, தொழிற்கல்வி ஆசிரியர்களே, வேலை நாளில் பட்டறையை அடைத்துவிட்டு வந்திருக்கும் முதலாளிமார்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் நம் ஊரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பள்ளிக்குப் பள்ளி ஃபிளெக்ஸ் கட்டியிருப்பார்கள். கணக்கில் சென்டம், வேதியியலில் சென்டம் என்று படத்தோடு போட்டிருப்பார்கள். மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் மட்டும் நிற்கவில்லை. அந்தப் படங்களுக்கு நடுவே அடிப்படை இயந்திரவியல் படித்த ஒரு பையனையோ, செவிலியம் படித்த ஒரு பெண்ணையோ தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அவர்களும் அதே தமிழ்த் தேர்வையும் ஆங்கிலத் தேர்வையும் எழுதியவர்கள்தான். அவர்களுக்கும் மொத்தம் 600 மதிப்பெண்தான். அதற்கு மேல், வருடம் முழுக்கப் பணிமனையில் நின்று வேலை கற்றவர்கள்.

கல்யாண வீட்டில் ஒருவர் கேட்பார்: “பையன் என்ன குரூப்?” அம்மா குரலைத் தாழ்த்தி, “வொகேஷனல்” என்பார். அந்தக் குரல் ஏன் தாழ வேண்டும்? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்கும் சிறந்த மாணவர்களுக்குக் குடியரசுத் தலைவர் பெயரிலேயே ஒரு கௌரவம் தருகிறார்கள். அது 1964இல், ஜான்சன் காலத்தில் தொடங்கியது. முதலில் ஏட்டுப் படிப்பில் சிறந்தவர்களுக்கு மட்டும். 1979இல் ஓவியம், இசை, நடனம் போன்ற கலைகளில் சிறந்தவர்களைச் சேர்த்தார்கள். தொழிற்கல்வியில் சிறந்தவர்களைச் சேர்த்தது 2015இல், ஒபாமா காலத்தில். ஆண்டுக்கு 20 பேர் வரை தேர்ந்தெடுக்கலாம் என்று ஆணை போட்டார்கள். தொழிற்சாலைகளால் வளர்ந்த நாடு அது. அங்கேயே கைத்திறனுக்கு மேடையில் இடம் கிடைக்க 51 ஆண்டுகள் ஆயிற்று. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, தொழிற்கல்வியில் ஒரு பிள்ளை சிறந்து விளங்குகிறது என்றால் என்ன அர்த்தம்? பாராட்டுகிறவருக்கு இது தெரியாவிட்டால் பாராட்டு சடங்காகிவிடும். நான் பணிமனையில் பாடம் நடத்தியவன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் வகுப்பில் பணிமனைக்கு வரும் பிள்ளைக்கு முதலில் கொடுப்பது ஒரு இரும்புத் துண்டும், ஃபைல் என்று நாங்கள் சொல்லும் ஒரு அரமும். துண்டை மேசையில் பொருத்திய பெஞ்ச் வைஸ் என்ற பிடிப்பானில் இறுக்கிப் பிடித்து, மேற்பரப்பைச் சமமாக்கி, பக்கத்துப் பரப்பைச் சரியாக 90 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். கேட்க எளிது. செய்யும்போது கை தானாக ஆடும். துண்டின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் இடையில் வெளிச்சம் கசியும். வெளிச்சம் தெரிந்தால் வேலை முடியவில்லை. அங்கே கருணை மதிப்பெண் கிடையாது, கைடு கிடையாது, முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் செய்யவும் வழியில்லை. முதல் வாரம் உள்ளங்கை கொப்புளிக்கும். பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளையின் நிற்கும் நிலை மாறும். தோள் அசையாமல் முழங்கை மட்டும் போய்வரும். அன்றைக்கு வெளிச்சம் அடைபடும். அடுத்து இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தும் ஃபிட்டிங் வேலை. நுட்பமாக அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரை படித்துத்தான் அதைச் செய்ய முடியும். நம் தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். அந்த நுட்பத்தில் 16 வயதுப் பிள்ளை வேலை செய்கிறது என்றால் அதைப் படிப்பில்லை என்று யார் சொல்ல முடியும்?

மின் பிரிவில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுவதைப் பாருங்கள். கம்பியை இறக்கும் பள்ளங்களான ஸ்லாட் 36, காந்த முனைகளான போல் நான்கு, மூன்று ஃபேஸ் கொண்ட மோட்டார் ஒன்று. ஒரு போலுக்கு ஒன்பது ஸ்லாட், அதில் ஒரு ஃபேஸுக்கு மூன்று. ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் மின் கோணம் 20 பாகை. ஃபேஸ்கள் 120 பாகை தள்ளித் தொடங்க வேண்டும் என்பதால், முதல் ஃபேஸ் ஒன்றாவது ஸ்லாட்டில் தொடங்கினால் அடுத்தவை 7இலும் 13இலும் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கை அந்தப் பிள்ளை தாளில் போட்டுவிட்டு, அதே கணக்கைச் செம்புக் கம்பியில் மறுபடி போடுகிறது. தாளில் தப்பினால் சிவப்பு மை. கம்பியில் தப்பினால் ஓமலூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் மோட்டார் புகைந்துபோகும், அவருடைய பயிர் தண்ணீர் இல்லாமல் நிற்கும். விளைவு தெரிந்து செய்கிற வேலை பிள்ளையிடம் ஒரு பொறுப்பை வளர்க்கிறது. வேறு எந்த வகுப்பிலும் அதை நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

இனி ஒரு கசப்பான சரித்திரம். சேலத்தில் நின்றுகொண்டு தொழிற்கல்வி பேசுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது. இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அவர் முதலமைச்சராக இருந்த 1953இல் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகள் ஒரு நாளில் மூன்று மணி நேரம் பள்ளியில் படிப்பார்கள், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லிப் போராடினார். 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சலவைத் தொழிலாளியின் மகன் சலவைக்கும், மண்பாண்டம் செய்பவர் மகன் சக்கரத்துக்கும் திரும்பிப் போகட்டும் என்று ஒரு பள்ளிக்கூடம் சொல்லக் கூடாது.

அந்தக் காயம் நம் மனத்தில் இன்னும் இருக்கிறது. தொழிற்கல்வி என்றதும் பெற்றோர் ஒரு அடி பின்வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது வந்த தொழிற்பிரிவு, அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கொடுக்க வந்ததில்லை. அதே ஆண்டில் நாடு முழுவதற்கும் இதைப் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா. யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலையும் அறிவியலோடு கற்கலாம் என்பதுதான் இந்தக் கல்வியின் உயிர். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பிறந்த பையன் மின் பொறியியல் படிக்கலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகள் லேத்து ஓட்டலாம். தறி பக்கமே போகாத குடும்பத்துப் பெண் நெசவியல் படிக்கலாம். இந்தக் கதவு திறந்திருக்கும் வரைதான் இது கல்வி. ஆகவே தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “உங்க வீட்டுத் தொழில்தானே, இதையே எடுத்துக்கோ” என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். மார்க் குறைந்தவர்களையெல்லாம் ஒதுக்கிவைக்கும் இடமாகவும் தொழிற்பிரிவை ஆக்காதீர்கள். விரும்பி வருகிற பிள்ளைக்கு முதலிடம் கொடுங்கள். பெண் பிள்ளை என்றால் செவிலியமும் ஆடை வடிவமைப்பும்தான் என்ற பழக்கத்தையும் விடுங்கள்.

நம் மாவட்டத்தின் பிழைப்பு எதில் நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக் கொலுசு, வெண்பட்டு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஜவ்வரிசி, சங்ககிரி லாரிகள், கஞ்சமலை அடிவாரத்தில் 1981இல் இயங்கத் தொடங்கிய உருக்காலை. நம் பையில் குலுங்கும் நாணயங்களில் சிலவற்றுக்கான வட்டுகள்கூட அந்த உருக்காலையில் வெட்டப்பட்டவை. இத்தனைக்கும் பின்னால் இருப்பது பயின்ற கைகள். ஆனால் முறையாகப் பயின்றவர்கள் எத்தனை பேர்? 19 முதல் 24 வயது வரையுள்ள இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் மதிப்பிட்டது. ஜெர்மனியில் அது 75 விழுக்காடு, தென்கொரியாவில் 96. நம் பட்டறைகளில் பலரும் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். அவர்கள் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஆசிட் புகை நுரையீரலை என்ன செய்யும், எர்த் இல்லாத மெஷின் என்ன செய்யும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. பள்ளியில் கற்றுப்போகும் பிள்ளைக்கு அது தெரியும்.

பாராட்டை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். கேடயமும் சால்வையும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் படித்துவிட்டுக் கேடயம் கொடுத்தால், மற்ற பிரிவுகளுக்குச் செய்வதையே இவர்களுக்கும் கொஞ்சம் தாமதமாகச் செய்தவர்களாவோம். அந்தப் பிள்ளை செய்ததை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எப்படிச் செய்தாய், எங்கே தப்பியது, எப்படிச் சரிசெய்தாய் என்று கேளுங்கள். தேர்வுக் குழுவில் ஆசிரியரோடு ஒரு லேத்து மேஸ்திரியை, ஒரு மூத்த செவிலியரை, ஒரு காப்பித் தோட்டக்காரரை உட்கார வையுங்கள். வேலை தெரிந்தவர் வாயிலிருந்து “நல்லா செஞ்சிருக்கே தம்பி” என்று வரும் ஒரு சொல், அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கப் போதும். உலகத் திறன் போட்டிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். குறித்த நேரத்தில் வேலையைச் செய்து காட்ட வேண்டும், துறை வல்லுநர்கள் அளந்து பார்ப்பார்கள். 2019இல் ரஷ்யாவின் கசான் நகரில் நீர்த் தொழில்நுட்பத்தில் இந்தியா தன் முதல் தங்கத்தை வாங்கியது அப்படியொரு போட்டியில்தான்.

மலைமேல் இருக்கும் பள்ளிகளை மறந்துவிடக் கூடாது. சேர்வராயன் மலையில் காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் ருசி கெடும் என்பது அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றத் தெரியும். இந்த அறிவோடு வேளாண் அறிவியலும் சேர்ந்தால் அவர்கள் கூலிக்குப் பறிக்கும் நிலையிலிருந்து தரம் பார்த்து விற்கும் நிலைக்கு வருவார்கள். விழா என்று சொல்லி அவர்களை மலையிறங்கி வரச் செய்வதைவிட, நாம் ஒரு முறை மலையேறிப் போய் அங்கேயே மேடை போடலாம்.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1986இல் திருத்தப்பட்டபோது, மேல்நிலைத் தொழிற்பிரிவு முடித்தவர்களும் உதவித்தொகையோடு பழகுநராக, அதாவது வேலை பழகும் அப்ரண்டிஸாக, சேர வழி வந்தது. இங்கே பலருக்கு அது தெரியாது. இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளின் பட்டியல் விழாக் குழுவினரிடம் இருக்கிறது. கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.

கல்வித் துறை அதிகாரிகள் வந்திருக்கிறீர்கள். பாராட்டு விழா ஒரு நாள். பணிமனை வருடம் முழுக்க நடக்க வேண்டும். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமல், இரண்டு வருடத்தில் பிரிவே மூடப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். லேத்தின் மேல் துணி போர்த்தி அந்த அறையைப் பழைய பெஞ்சு அடுக்கும் அறையாக்கிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நல்ல நிலையில் இருக்கும் மெஷின் ஒன்று போதும், சொல்லிக்கொடுக்க ஒருவர் போதும், அந்த ஊரில் வருடத்துக்கு இருபது முப்பது பிள்ளைகளுக்கு வழி பிறக்கும். அந்த இடங்களை நிரப்புங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன்.

பெற்றோர்களே, இந்தப் பிரிவு எடுத்தால் மேல்படிப்பு போச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. 1958இலிருந்து தியாகராசர் பாலிடெக்னிக்கும், 1960இலிருந்து கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் நம் ஊரிலேயே இருக்கின்றன. விண்ணப்ப நாள் தவறிப்போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் வேலை. பிள்ளை படித்து முடித்ததும் உடனே சம்பளத்துக்கு அனுப்ப வேண்டிய வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். முடிந்தால் ஒரு டிப்ளமோ வரைக்குமாவது பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க வையுங்கள்.

பரிசளிப்பு முடிந்ததும் சாப்பாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். பின்பக்க அறையில் பிள்ளைகள் செய்த வேலைகளை மேசையில் வைத்திருக்கிறார்கள். காயில் கட்டிய மோட்டார் இருக்கிறது, ஃபிட்டிங் துண்டுகள் இருக்கின்றன, தைத்த சட்டைகள் இருக்கின்றன. செவிலியம் படிக்கும் பெண்கள் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வார்கள், கையை நீட்டுங்கள். ஒவ்வொரு மேசையிலும் நின்று கேள்வி கேளுங்கள். தம்பி, தங்கைகளா, கேட்டதற்குக் கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள். தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.