கிரவலுக்கும் ஏ9க்கும் ஒரே கார்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

காரின் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் நல்லதாக்க வேண்டும், ஆனால் கையில் பெரிய காசு இல்லை. எதை வாங்குவது, எதை விடுவது? இதைப் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பரந்தனில் கராச் நடத்துகிற எனக்கு இது நெடுக வருகிற கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில்தான். திறந்த பிறகும் புதுக் காரின் விலை எங்கள் ஆட்களுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. அதனால் கொரோலா 110, 121, நிசான் சனி, ஆல்ட்டோ, வேகன் ஆர் என்று இருக்கிறதைத்தான் பேணி ஓட வேண்டும். இருபது வருசம் கடந்த கார்களும் அதில் கனக்க.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். காரின் உயரத்தில் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங்கைக் கடினமாக்காதீர்கள். இருக்கிற காசை நல்ல சொக் அப்சோபரிலும், அதைச் சுற்றியுள்ள றப்பர் சாமான்களிலும், ரயரிலும் போடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

வவுனியாவிலிருந்து ஏ9 காப்பெட் வீதியில் வழுக்கிக்கொண்டு வருகிற அதே கார், உள்வீதிக்குத் திரும்பினால் கிரவலில் நடுங்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மதகடிகளில் தண்ணீர் நிற்கும்; குழி எவ்வளவு ஆழம் என்று இறங்கின பிறகுதான் தெரியும். கொழும்பில் ஒருவர் "இதைப் போட்டேன், கார் தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போகுது" என்று சொல்வது அவருடைய வீதிக்கு உண்மையாக இருக்கலாம். துணுக்காய்ப் பக்கம், நெடுங்கேணிப் பக்கம் உள்ளுக்குப் போய்வருகிறவர் அதைக் கேட்டு வாங்கினால் காசும் போகும், முதுகும் போகும்.

பலர் காரின் பாரத்தைச் சொக் அப்சோபர் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். தாங்குவது ஸ்பிரிங். அமுங்கின ஸ்பிரிங் திரும்பித் துள்ளும், துள்ளினது மறுபடி அமுங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் சொக்கின் வேலை. உள்ளே எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. எண்ணெய் சின்ன வால்வுகளுக்குள்ளால் நெருக்குப்பட்டுப் போகும்போது ஆட்டம் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. அவ்வளவுதான் அதன் தத்துவம்.

குடும்பக் கார் ஒன்றை அமுக்கி விட்டால் அது தன்பாட்டில் செக்கனுக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை ஆடும். மனிதன் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குவதற்குக் கிட்டத்தட்ட அதுதான் வேகம் என்பதால் நமக்கு அது உறுத்துவதில்லை. ஸ்பிரிங்கைக் கடினமாக்கக் கடினமாக்க அந்த ஆட்டம் வேகமாகிறது. செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வருகிற அதிர்வைத்தான் இருந்துகொண்டு போகிற உடம்பு மிக மோசமாக உணர்கிறது. கடின ஸ்பிரிங் போடுகிறவர் தன் காரையும் காரில் இருக்கிறவர்களையும் அந்தப் பக்கமாகத் தள்ளுகிறார்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் கார்களின் பின் சீற்றில் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். உடம்பில் ஷெல் துண்டை எடுக்க முடியாமல் வாழ்கிறவர்கள் வன்னியில் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், செயற்கைக் காலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்கள், மாதம் நிறைந்த கர்ப்பிணிகள், அம்மம்மாமார். அவர்களுக்கு ஒவ்வொரு குழியும் ஒரு வலி. சஸ்பென்ஷனை நல்லதாக்குவது என்றால் நான் முதலில் பின் சீற்றைத்தான் நினைப்பேன். வளைவில் எவ்வளவு வேகமாக வெட்டலாம் என்பது எனக்குப் பெரிய விசயமாகத் தெரிவதில்லை.

சரி, காருக்கு என்ன தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கிற சோதனை எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது, தொடர்ந்து ஆடினால் சொக் முடிந்தது. ஆனால் அந்தச் சோதனையில் தப்புகிற சொக்கும் ஓட்டத்தில் பலவீனமாக இருக்கலாம். அதனால் ரயரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை ரயரின் மேல் சுற்றுவட்டமாக இழுத்தால், தேய்வு ஒரே மாதிரி இல்லாமல் மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்படலாம். சொக் சக்கரத்தை வீதியோடு பிடித்து வைத்திருக்கவில்லை, சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இன்னொன்று, ஏ9இல் பாலங்களுக்கு ஏறுகிற இடத்தில் வீதி கொஞ்சம் தாழ்ந்திருந்தால் கவனியுங்கள். கார் ஒருமுறை இறங்கி ஏறி அமைதியானால் சரி. பாலம் கடந்த பிறகும் ஆடிக்கொண்டு போனால் சரியில்லை.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. முறிகண்டியில் எல்லாரும் நிற்பாட்டிப் பிள்ளையாரைக் கும்பிடுகிறோம், கச்சான் வாங்குகிறோம். கிரவலில் நல்லாய் ஓடி வந்து அங்கே நிற்கிற நாளில், குனிந்து சொக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். பிறேக் தட்டும் சைலன்சரும் சுடும், அவற்றில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்த சொக் சூடாக இருக்கும். முன் இரண்டில் ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை.

இனிக் காசு போகவேண்டிய இடம். முதலில் றப்பர். சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோவர் ஆமின் றப்பர் புஷ், அதோடு ஸ்டெபிலைசர் லிங்க், போல் ஜொயின்ட் என்கிற மூட்டுச் சாமான்கள், இவைதான். பழைய காரில் "கடகட" என்று கேட்கிற சத்தத்துக்குக் கனதரம் இவைதான் காரணம், சொக் இல்லை. புஷ் வெடித்திருக்கிற காருக்கு விலை கூடிய சொக் போட்டும் பிரயோசனம் இல்லை. இவை சொக்கோடு பார்க்கச் சின்னச் செலவு.

அடுத்தது ரயர். அதுவும் ஒரு ஸ்பிரிங்தான், வீதிக்கு முதலில் முகம் கொடுப்பதும் அதுதான். 185/70 என்று போட்ட ரயரின் பக்கச் சுவர் 129 மில்லிமீற்றர் உயரம். அழகுக்காக 16 அங்குல ரிம் போட்டு 195/50 ரயருக்கு மாறினால் அது 97 மில்லிமீற்றர் ஆகிறது. 3 சென்ரிமீற்றருக்கு மேல் மெத்தையைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே அளவு மென்மையைச் சொக்கிடம் கேட்கக்கூடாது. கிடைக்காது. ரிம் வளைவதும் இப்படித்தான். ரயருக்குக் காற்று, கதவு நிலையில் ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கள்.

இப்போது சொக்குக்கு வருவோம். இரண்டு வகை இருக்கிறது. இரட்டைக் குழாய் சொக்கில் உள்குழாய்க்குள் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் வாயு அடைத்த வகையென்றால் குறைந்த அழுத்தத்தில் வாயுவும் இருக்கும். ஒற்றைக் குழாய் சொக்கில் ஒரே குழாய்க்குள் எண்ணெயையும் கடும் அழுத்தத்தில் இருக்கிற நைட்ரஜன் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைத்திருக்கும். ஜேர்மனியின் பில்ஸ்டைன் கொம்பனி 1957இல் மெர்சிடிஸ் கார்களுக்கு இதைக் கொண்டுவந்தது. வெப்பத்தை வெளியே விடுவதில் ஒற்றைக் குழாய்தான் திறம். கிரவலில் அலையலையாக வரி விழுந்திருக்கும் இடங்களில் சொக் விடாமல் வேலை செய்து சூடேறும், எண்ணெய் நுரைக்கும், நுரைத்த எண்ணெய் ஆட்டத்தை அடக்காது. வாயு அடைத்த சொக் அந்த நுரையைக் குறைக்கும். பழைய வகை வாயு இல்லாத சொக் இங்கே வேண்டாம் என்பது இதனால்தான்.

ஆனால் ஒற்றைக் குழாய் வகை பொதுவாக இறுக்கமாக இருக்கும். குழாயில் கல் பட்டு நெளிந்தால் பிஸ்டன் நேரே அதிலேயே முட்டும். விலையும் கூட. குடும்பக் காருக்கு நான் சொல்வது வாயு அடைத்த இரட்டைக் குழாய் சொக். ஜப்பானின் கேவைபி கொம்பனி செய்கிற எக்ஸெல்-ஜி அந்த வகை. ஜப்பான் கார்களுக்குப் பொருந்துகிறதாகத் தேடி எடுக்கலாம். இருபது வருசம் ஓடித் தேய்ந்த சொக்கைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால், அதுவே உங்களுக்குப் பெரிய தரமுயர்வாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் காசு இருந்து, ஏ9இல் தூர ஓட்டம் கூட ஓடுகிறவர் பில்ஸ்டைன் பி4 தன் காருக்கு வருகிறதா என்று பார்க்கலாம். அதுவும் கொம்பனி உயரத்துக்கானதுதான். பி8 என்பது தாழ்த்தின காருக்கு, அது நமக்கு இல்லை.

இறுக்கமான சொக் என்றால் நல்ல சொக் என்று நினைக்க வேண்டாம். குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது, சொக் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் சக்கரம் திரும்பக் கீழே வருவதற்கு நேரம் போதாது. அதற்குள் அடுத்த வரி வந்துவிடும். இப்படியே கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் அடித்தடுப்பில், அதாவது பம்ப் ஸ்டொப்பில், முட்டி ஓடும். ஓட்டுகிறவருக்கு ஸ்பிரிங் செத்துவிட்டது போலத் தோன்றும்.

கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலிருந்து ஜப்பானில் பாவித்த சொக் மலிவாக வருகிறது. எடுப்பதென்றால் தண்டைக் கவனமாகப் பாருங்கள். குரோம் பளபளப்பில் ஒரு சின்னத் துருப் புள்ளி இருந்தாலும் அது சீலை அறுத்துவிடும். தண்டை அமுக்கிவிட்டால் ஒரே சீராக, நின்று நின்று வராமல், தானாக வெளியே வரவேண்டும். வராவிட்டால் வாயு போய்விட்டது. சொக்கை வெட்டிப் புதுச் சீல், புது எண்ணெய் போட்டு ஒட்டித் தருகிற வேலையும் நடக்கிறது. வேறு வழியே இல்லாதவருக்கு அது உதவும். ஆனால் வால்வு தேய்ந்தது தேய்ந்ததுதான், இடது வலது ஒரே அளவாக இருக்கும் என்று யாரும் பொறுப்பெடுக்க முடியாது. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதுசு எடுப்பதுதான் என் விருப்பம். புதுசு எடுக்கும்போதும் பெட்டியில் இருக்கிற இலக்கமும் சொக்கின் உடம்பில் இருக்கிற இலக்கமும் ஒன்றா என்று பார்த்து, உங்கள் காரின் மொடல் குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள். முன் சொக் பெரும்பாலும் இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு.

செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை மலிவாகக் கிடைக்கின்றன. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது ஒன்று. 6 சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் 1 சுற்றை வெட்டினால் அது 20 சதவீதம் கடினமாகும், அமுங்குவதற்கு இருக்கிற இடமும் குறையும். இன்னொன்று, பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது என்று சுருளுக்கு நடுவே றப்பர் பஃபர் செருகுவது. அந்த இடத்தில் சுருள் அசையாமல் போகும், பாரமெல்லாம் பக்கத்துச் சுருளில் விழும். செருகின இடத்துக்குப் பக்கத்தில் உடைந்த ஸ்பிரிங்குகள் என் கராசில் கிடக்கின்றன. நெல் மூடை, உரம் என்று நெடுக ஏற்றுகிறவருக்குப் பின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அதே மொடலுக்கான புது ஸ்பிரிங் சோடியாகப் போடுவதுதான் வைத்தியம். மேலே கட்டை வைத்துக் காரை உயர்த்துவதும் அளவோடுதான். உயர்த்த உயர்த்த முன் அக்சிலின் சரிவு கூடி ஜொயின்ட் சீக்கிரம் போகும். ஸ்பிரிங்கும் சொக்கும் சேர்ந்து, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய கொயிலோவர் செட் பற்றி இளம் தம்பிமார் கேட்கிறார்கள். விலை பல மடங்கு, புழுதியும் சேறும் அதன் திருகுப் பல்லுக்குள் ஏறும், திருத்துவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அந்தக் காசில் முழுக் காரின் றப்பரும், 4 சொக்கும், 4 ரயரும் வந்துவிடும் தம்பி.

பூட்டுவதில்தான் நல்ல சாமானும் கெட்டுப் போகிறது. சொக் எப்போதும் சோடியாக. மேல் மவுண்ட், பம்ப் ஸ்டொப், புழுதி மூடி மூன்றையும் அதே நேரம் புதுசாகப் போடுங்கள். புழுதி மூடி இல்லாத சொக் எங்கள் கிரவலில் கனநாள் இருக்காது. இரட்டைக் குழாய் சொக்கைப் பூட்டமுன் நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை அமுக்கி இழுத்து உள்ளே நிற்கிற காற்றை எடுக்க வேண்டும். முக்கியமாக, லோவர் ஆம் புஷ்ஷின் போல்ட்டைக் கார் ஜக்கில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் நிலத்தில் இருந்து, பாரம் ஸ்பிரிங்கில் வந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் கார் இறங்கியதும் றப்பர் முறுகினபடியே நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும். இதைப் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்விக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. முன் சொக்கின் மேல் நட்டை மட்டும் வீட்டில் யாரும் கழற்றிப் பார்க்காதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் அது விடுபட்டால் ஆளைக் கொல்லக்கூடிய விசை.

நாலையும் ஒன்றாகப் போடக் காசு போதாவிட்டால், எந்தச் சோடி மோசமோ அதை முதலில் மாற்றுங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் முன் சோடி. எஞ்சினும் ஸ்ரீயறிங்கும் பிறேக்கின் பெரும் பாரமும் அங்கேதான். பின் சோடி காலபோக நெல் விற்ற காசில் வரட்டும். வீல் அலைன்மென்ட் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். புது ஸ்பிரிங்கும் போட்டிருந்தால், அது கொஞ்ச நாள் ஓடி அமர்ந்த பிறகு இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.