கை எட்டும் தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. எடப்பாடிக்குப் பக்கத்தில்தான் அம்மாவின் ஊர். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே அங்கே போய்விடுவோம். தோட்டத்துக் கிணற்றில் கோடையிலும் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் கிடக்கும். அப்புச்சி காய்ந்த சுரைப்புருடையை என் முதுகில் கட்டுவார். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கடைசிப் படியில் உட்காருவார். "எறங்கு கண்ணு, நான் புடிச்சிருக்கறேன்" என்பார். பாடம் அவ்வளவுதான். சில நாளில் புருடை போனது, பிறகு கயிறும் போனது. அந்தப் படியை விட்டு அவர் எழுந்து போனதாக மட்டும் எனக்கு நினைவில்லை.

இன்றைக்கு நான் சேலத்தில் நாலு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். பதினாறு வருஷமாக இதே வேலை. கிணறுகள் பலவும் வற்றிவிட்டன, போர்வெல் வந்துவிட்டது. டவுன் பிள்ளைகளுக்கு இனி நீச்சல் குளம்தான் வழி. அதில் எனக்குக் குறையில்லை. குளத்தில் அடித்தரை தெரியும், பாசி வழுக்காது, எங்கே எவ்வளவு ஆழம் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். ஆனால் கிணற்றில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருந்தார். குளத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கோச். இதைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பிள்ளைகள், முக்கால் மணி நேரம். கோச் ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்க் கால் அடிக்கச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு நாலு நிமிடம்கூட வராது. மிச்ச நாற்பத்தோரு நிமிடமும் அந்தப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்காகத் தண்ணீரில் நிற்கும். அந்த நேரத்தில் அதை யார் பார்ப்பது?

ஒரு வருஷம் மே மாதக் காலை பேட்ச். அப்போது நான் வேலை பார்த்த குளத்தில் கூட்டம் அதிகம். என் வரிசையில் பன்னிரண்டு பேர். "இத்தனை பேரை என்னால் பார்க்க முடியாது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆழம் குறைந்த பக்கம் என்பது மூன்றரை அடி. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரமும் ஏறக்குறைய அதேதான், நின்றாலும் வாய் தண்ணீருக்குள் போய்விடும். நான் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு நாலு எட்டு நகர்ந்திருப்பேன். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணின் கை கம்பியிலிருந்து நழுவிவிட்டது. ஒரு சத்தம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பேரனுக்காகக் காத்திருந்த ஒரு அம்மாயிதான் கத்தினார்: "அம்மணி, அந்தப் புள்ள தண்ணி குடிக்குது!"

திரும்பினேன். அண்ணாந்த முகம், தண்ணீர் மட்டத்தில் திறந்த வாய், விரிந்த கண். பக்கத்திலேயே இன்னும் ஐந்து பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டித் தூக்கினேன். இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறாள் என்று அனுப்பினார்கள். தப்பு என்னுடையது. அன்று இரவு தூங்கவில்லை. வகுப்பை அடியிலிருந்து மாற்றியது அதற்குப் பிறகுதான்.

முங்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார், கத்துவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அரை நொடியில் உடம்பு மூச்சை இழுக்கத்தான் பார்க்கும், குரலுக்கு அங்கே இடமில்லை. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், அவற்றை உயர்த்தி ஆட்ட முடியாது. தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை விளையாடுகிறது என்றே தோன்றும். முழுக்க உள்ளே போக ஒரு நிமிடம்கூட ஆகாது. 2021-ல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

இப்போது என் வகுப்பில் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தண்ணீருக்குள் யாரும் முறைக்காகக் காத்து நிற்பதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் குமிழி ஊதுவார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கால் அடிப்பார்கள். ஒருவரைத் தனியாகக் கூட்டிப் போக வேண்டியிருந்தால் மற்ற ஐந்து பேரும் கரையேறி ஈரம்படாத படியில் உட்கார வேண்டும். கரையில் இன்னொருவர் நிற்பார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடையாது, துண்டு எடுத்துத் தருகிற வேலை கிடையாது, கையில் செல்போன் கிடையாது. பார்ப்பது மட்டும்தான் வேலை. சில நிமிடத்துக்கு ஒருமுறை கை தட்டுவேன், பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தங்கள் எண்ணைக் கத்துவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. ஆறு வரை கேட்ட பிறகுதான் நான் அடுத்ததற்குப் போவேன்.

உடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிர் நீலமும் வெள்ளையும் வாங்காதீர்கள். தண்ணீருக்குள் அந்த நிறங்கள் கரைந்தாற்போல மறைந்துவிடும். பளீரென்ற ஆரஞ்சோ சிவப்போ வாங்குங்கள்.

இவ்வளவு கவலை இருந்தும் நான் கும்பலாகக் கற்றுக்கொடுப்பதையே விரும்புகிறேன். ஒரு பையன் நாலு நாள் அழுதான். அவன் அப்பா, "தூக்கிப் போடுங்க மேடம், எங்களையெல்லாம் அப்படித்தான் கெணத்துல போட்டாங்க" என்றார். நான் போடவில்லை. பயந்த பிள்ளையைத் தூக்கிப் போட்டால் அது நம்மை நம்புவதை விட்டுவிடும். ஐந்தாம் நாள், அவனைவிடச் சின்னப் பெண் ஒருத்தி முகத்தைத் தண்ணீரில் வைத்து ஊதிவிட்டுச் சிரித்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன், யாரும் சொல்லாமல் தானும் முகத்தை வைத்தான். நான் எத்தனை நாள் கெஞ்சினாலும் அது நடந்திருக்காது. பிள்ளைக்கு இன்னொரு பிள்ளைதான் நல்ல வாத்தியார்.

பெற்றவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எப்ப கை போடக் கத்துக்குடுப்பீங்க?" என்பதுதான். கை போடுவது பிறகு. முதலில் மல்லாந்து படுக்கத் தெரிய வேண்டும். தவறி விழுந்த பிள்ளை புரண்டு, முகத்தை வானம் பார்க்க வைத்து, காதுவரை தண்ணீர் ஏறினாலும் பதறாமல் மூச்சு விட வேண்டும். பிறகு திரும்பி, சுவர் எந்தப் பக்கம் என்று பார்த்து, அங்கே வந்து கம்பியைப் பிடிக்க வேண்டும். காது நனைவது சில பிள்ளைகளுக்கு அவ்வளவு பயம், அதற்கே ஒரு வாரம் போய்விடும். போகட்டும். பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ந்து பல் கிட்டினால் அன்றைய வகுப்பு முடிந்தது. சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும், நடுங்குகிற பிள்ளைக்கு எதுவும் மனதில் ஏறாது.

பன்னிரண்டு நாள் வகுப்பு முடிந்ததும், "இனி பயமில்லை" என்று ஒரு நிம்மதி வரும். அதை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஐ.நா. சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாள் என்று வைத்திருக்கிறது. அடுத்த பத்து நாளுக்குள் நமக்கு ஆடிப் பதினெட்டு. மேட்டூர், பூலாம்பட்டி, கல்வடங்கம் என்று காவிரிக்கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் போவோம். குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். காவிரி இழுக்கும். ஏரிகளில் வண்டல் அள்ளிய குழி தண்ணீருக்குக் கீழே தெரியாது, முழங்கால் ஆழத்தில் நடக்கிற பிள்ளை அடுத்த எட்டில் காணாமல் போகும். மிதக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அங்கே ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முங்குகிறவரைப் பார்த்தால் இறங்காதே, எதையாவது நீட்டு, எதையாவது எறி என்றும் கற்றுக்கொடுக்கிறேன். துண்டு, கொம்பு, காலிப் பிளாஸ்டிக் குடம், எதுவானாலும் சரி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில், துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து எறிந்து, முங்கிக்கொண்டிருந்த நாலு இளைஞர்களில் இரண்டு பேரை இழுத்துப்போட்டார்கள். கல்பனா சாவ்லா விருது கொடுத்தது அரசு. இந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் கரையில் துண்டு எறிகிற பழக்கம் வைப்பேன். ஆறு வயதுப் பிள்ளைகள் அவ்வளவு அக்கறையாக எறிவார்கள்.

இந்தக் கோடையில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்களா? ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், முறை வராத பிள்ளை எங்கே இருக்கும், கரையில் பார்த்துக்கொண்டு நிற்பது யார் என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். எங்கள் குளத்தில் தண்ணீர் விளிம்பை ஒட்டி ஆறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறோம். அம்மாவோ, அப்பாவோ, அம்மாயியோ யார் வந்தாலும் அங்கேதான் உட்கார வேண்டும். போனைப் பைக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

வணக்கம்.