பெற்ற மனம் பித்து

விழாத் தலைவர் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, பந்தலும் மைக் செட்டும் காசு வாங்காமல் போட்டுத் தந்த அன்புத் தம்பியே, பெரியோர்களே, தாய்மார்களே! எனக்கு முன்னால் பேசிய கவிஞர் என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்டார். கவிதை நன்றாக இருந்தது, போகட்டும்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் டோனி மாரிசனின், 1987-இல் வெளியான 'பிலவ்ட்' நாவலைப் பற்றி மூன்று செய்திகள்: தாய், சட்டம், கதை சொல்லும் முறை.

பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்து எதுவரை போகும்? 1856 ஜனவரி. அமெரிக்காவில் கென்டக்கி. மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், கணவன், நாலு பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று குடும்பத்தோடு ராத்திரியில் கிளம்பிவிட்டாள். ஓஹியோ ஆறு உறைந்து பாளமாகக் கிடக்கிறது. நடந்தே தாண்டினார்கள். அக்கரையில் அடிமைமுறை கிடையாது. சின்சினாட்டியில் உறவுக்காரர் வீட்டில் ஒதுங்கினார்கள். 1850-ஆம் வருடச் சட்டம் விட்டதா? ஓடிப்போன அடிமையை எந்த மாநிலத்தில் கண்டாலும் பிடித்துக் கொடுக்கலாம். ஆட்கள் வந்து வீட்டை வளைத்தார்கள். மார்கரெட் கத்தியை எடுத்தாள். இரண்டு வயது மகளின் கழுத்தை அறுத்தாள். மற்ற பிள்ளைகளையும் முடித்துவிடப் பார்த்தாள், அதற்குள் பிடித்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அவள் மேல் கொலை வழக்கு போடு என்று கேட்டது யார் தெரியுமா? அவளுக்காக நின்ற அடிமை ஒழிப்பாளர்கள்! கொலை என்றால் அவளும் மனுஷி, செத்த குழந்தையும் மனுஷி. உடைமைக்காரன் கேட்டது, என் சொத்தைக் கொடு. சொத்துத்தான் ஜெயித்தது. பெற்ற மனம் பித்து, சட்டத்தின் மனம் கல்லு. தெற்கே கொண்டுபோன கப்பல் விபத்தில் சிக்கி, கைக்குழந்தையும் ஆற்றோடு போயிற்று. 1858-இல் டைஃபாய்டு காய்ச்சலில் அவளும் போனாள்.

பதிப்பகத்தில் வேலை பார்த்தபோது பழைய பத்திரிகையில் இந்தச் செய்தியைப் பார்த்தவர் மாரிசன். அதை அப்படியே எழுதவில்லை. வேறொரு தாயைப் படைத்தார். மகளின் கல்லறையில் 'Beloved', அன்புக்குரியவள் என்று ஆங்கிலத்தில் ஏழே எழுத்து வெட்ட அவளிடம் காசில்லை. கல் வெட்டுகிறவனுக்குப் பத்து நிமிடம் தன் உடம்பைக் கூலியாகத் தருகிறாள். இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் கூட ஒரு வார்த்தை கிடைத்திருக்குமோ என்று பிறகு மருகுகிறாள். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. மாரிசனுக்கு 1993-இல் நோபல் கொடுத்தார்கள்.

சரி, இந்தப் புத்தகம் நம் ஊர் நூலகத்தில் இருக்கிறதா? முதலில் நூலகம் திறந்திருக்கிறதா? 1948-லேயே நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பள்ளி விட்டு வரும் பிள்ளை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. பிள்ளை நாலு எழுத்து படிக்கட்டும் என்று பித்துப் பிடித்துப்போய் முன்வரிசையில் இத்தனை தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, நீங்கள் கேட்க வேண்டாமா?

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது செய்தி அடுத்த வருடம். தலைவர் அவர்கள் தமது உரையில் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். நூலகத்துக்கு ஆள் கேட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எந்தத் தேதியில் கடிதம் எழுதுவார் என்று சொன்னால் போதும்.