பட்டத்தோடு சேர்ந்து வராத படிப்பு

மாணவ நண்பர்களே, பேராசிரியர்களே, வணக்கம்.

பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டவர்களுக்குச் சுகாதார எழுத்தறிவு பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவு தேவையா என்று சிலர் நினைக்கலாம். தேவை என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு படித்திருந்தாலும், உடல்நலம் பற்றிய தகவலைக் கையாளும் திறன் தானாக வந்துவிடாது. அதைக் கற்க வேண்டும், கற்பிக்கவும் வேண்டும்.

ஐரோப்பாவில் 2011-ல் எட்டு நாடுகளில் இதைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் திறன் போதுமான அளவில் இல்லை. அந்த ஆய்வு நான்கு விஷயங்களைப் பார்த்தது: தகவலைத் தேடி எடுப்பது, புரிந்துகொள்வது, நம்பலாமா என்று எடைபோடுவது, அதை வைத்து முடிவெடுப்பது. முதல் விஷயத்தில் உங்களை யாரும் மிஞ்ச முடியாது. கைபேசியில் அரை நிமிடத்தில் பத்துப் பக்கங்களைத் திறந்துவிடுவீர்கள். அப்புறம்தான் சிக்கல். அந்தப் பத்தில் எதை நம்புவது?

1995-ல் பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. செய்தி பொய்யல்ல. ஆனால் எதிலிருந்து எதற்கு இரண்டு மடங்கு? பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து, புதியதில் 7,000 பேரில் இருவருக்கு என்றானது. அவ்வளவுதான். இந்தக் கணக்கை யாரும் தெளிவாக எடுத்துச் சொல்லவில்லை. பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடப்பட்டது. கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செய்தியைப் படித்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?" என்று கேட்க அவர்களுக்கு யாரும் பழக்கிவிடவில்லை. இன்றைக்கும் "50 சதவீதம் குறைக்கும்", "மும்மடங்கு கூட்டும்" என்று எதைப் பார்த்தாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இன்னும் சாதாரணமான ஓர் உதாரணம் சொல்கிறேன். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போடுகிறீர்கள். மூக்கு ஒழுகுகிறது என்று சளி மாத்திரையும் போடுகிறீர்கள். பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. சில நாடுகளில் அதற்கு அசெட்டமினோஃபென் என்று வேறு பெயர். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் தேர்வு நேர அவசரத்தில் விழுங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சரி, இந்தத் திறன் ஏன் ஒருவருக்குக் கூடுதலாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் இருக்கிறது? படிக்கும் துறை ஒரு காரணம். மருத்துவம், செவிலியம் படிப்பவர்கள் பொதுவாக முன்னே இருக்கிறார்கள். அதில் வியப்பில்லை. பெற்றோரின் படிப்பும் குடும்ப வருமானமும் இன்னும் ஆழமானவை. வீட்டில் மருத்துவரிடம் கேள்வி கேட்டுப் பழகியவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பாக வரும். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, "டாக்டரிடம் எதிர்த்துக் கேட்கலாமா?" என்று தயங்கி நிற்கும். மொழியும் உண்டு. பள்ளியில் ஒரு மொழியில் படித்துவிட்டு, மருந்துக் குறிப்பை வேறு மொழியில் படிக்க வேண்டியிருந்தால் பாதி நழுவிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலே கூச்சம் இருக்கிறது. மனச்சோர்வு, பாலுறவு, மாதவிடாய் பற்றிய கேள்விகளை மனிதர்களிடம் கேட்க முடியாமல்தான் பலர் இணையத்திடம் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டால் முகம் சுளிக்காத ஒருவர் பக்கத்தில் இல்லை என்பதே உண்மை. அதனால் இதை மாணவர்களின் அறியாமை என்று மட்டும் பேசுவது அநியாயம். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் கையில் பணமில்லாதவருக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்து என்ன பயன்?

மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. மருத்துவர் சொல்லி முடித்ததும், "நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று சொல்லுங்கள். எத்தனை வேளை, எத்தனை நாள், எது நடந்தால் திரும்பி வர வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே தெளிவாகிவிடும். நல்ல மருத்துவர்கள் இதைத் தாங்களாகவே கேட்பார்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் வேறு. சுகாதார எழுத்தறிவை விருப்பப்பாடமாக வைக்காதீர்கள், ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். முதல் பருவத்திலேயே எல்லாத் துறைகளுக்கும் வையுங்கள். பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தின் படிவங்களையும் அறிவிப்புகளையும் அச்சுக்கு அனுப்புமுன், மருத்துவம் படிக்காத முதலாண்டு மாணவர்கள் சிலரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுக்கி நிற்கும் வரிகளைத் திருத்தி எழுதுங்கள்.