மெலியாத குழந்தைக்கு எதற்கு உதவி? குவாத்தமாலா பற்றிய நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. போன பகுதியில் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா பற்றிப் பேசியபோது, அங்கே 2014-15 தேசியக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 46.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மாயா இன மக்கள் இயல்பாகவே உயரம் குறைந்தவர்கள்தானே? படங்களில் குழந்தைகள் எலும்பும் தோலுமாகவும் தெரியவில்லை. பிறகு இதை எப்படி மனிதாபிமானத் தேவை என்கிறார்கள்? அந்தத் தேவையை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?"

முதலில் அந்த 'இயல்பாகவே' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மாயாக் குடும்பங்களின் பள்ளி வயதுப் பிள்ளைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளைவிடச் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் உயரம் கூடுதல். ஒரே தலைமுறையில் மரபணு மாறிவிடாது. மாறியது தட்டும் தண்ணீரும் மருத்துவமும்தான். குவாத்தமாலாவுக்கு உள்ளேயும் பாருங்கள்: அதே கணக்கெடுப்பில் உயரம் குறைந்தவர்கள் பழங்குடிக் குழந்தைகளில் (பெரும்பாலும் மாயா) 58 விழுக்காடு, மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பழங்குடி அல்லாதவர்களிடமே இவ்வளவு இருக்கும்போது இனத்தின் மேல் பழி போடுவது எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது பகுதி நல்ல கேள்வி, ஏனென்றால் உதவி நிறுவனங்களே இங்குதான் தடுமாறுகின்றன. பஞ்சப் பகுதிக்குப் போனதும் முதலில் கையில் எடுப்பது மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடா. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உடனடிச் சிகிச்சை. மெலிந்த குழந்தைகள் 100-க்கு 15 பேரைத் தாண்டினால் அவசரநிலை. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாகேல் நாடுகளில் இந்த நாடா உயிர்களைக் காப்பாற்றுகிறது. அதே நாடாவோடு குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டுக்குப் போனால் 100-க்கு ஒரு குழந்தைகூடச் சிவப்பில் வராது. அறிக்கையில் 'அவசரத் தேவை இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடலாம். காய்ச்சல்மானியை வைத்துக்கொண்டு இரத்தசோகையைத் தேடுவது போன்ற வேலை இது. அங்கே உடல் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, கிடைப்பதற்குத் தக்கபடி சுருங்கி வாழ்கிறது. எடையும் உயரமும் சேர்ந்தே குறைவதால் பிள்ளை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதன் வயதைக் கேட்டால்தான் விஷயம் தெரியும்.

அப்படியானால் எதை வைத்துக் கணக்கிடுவது? என் கருத்தில் அளவுகோலைவிட முக்கியம் நாட்காட்டி. அந்த வீட்டில் சொந்த மக்காச்சோளம் எந்த மாதம் வரை வந்தது? அதன் பிறகு யாருடைய கூலியில் வாங்கினார்கள்? மலைச்சரிவில் இருக்கும் துண்டு நிலத்தில் விளைவது ஆண்டு முழுவதும் போதாது. காப்பித் தோட்ட அறுவடைக் கூலி பிப்ரவரி, மார்ச் வாக்கில் நின்றுவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை கையிருப்பும் இல்லை, கூலியும் இல்லை, சந்தையில் விலையும் ஏறியிருக்கும். 2012-இல் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் பரவியபோது அந்தக் கூலியும் போயிற்று. கிழக்கே 'வறண்ட பட்டி' எனப்படும் மழை குறைந்த பகுதியில் ஜூலை, ஆகஸ்டில் மழை இடைவெளி நீண்டால் நிற்கும் பயிரும் கருகிவிடும்.

இதைக் கவனிக்காமல் அறுவடை முடிந்த கையோடு போய், 'கடந்த ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டால் நல்ல மதிப்பெண் வரும். அதுவும் வீட்டுக்கான மதிப்பெண். பத்து மாதக் குழந்தைக்கு நீர்த்த மக்காச்சோளக் கூழும், உப்பு தொட்ட அப்பத்துண்டும்தான் கிடைத்தன என்பதும், முட்டை சந்தைக்குப் போய்விட்டது என்பதும் அதில் தெரியாது. கூலிக்குப் போகும் ஆணிடம் ஸ்பானிய மொழியில் கேட்டு முடித்துவிடுவதும் உண்டு. குழந்தைக்கு ஊட்டுபவளிடம் கிச்சே, மாம், கெக்சி என்று அவள் பேசும் மாயா மொழியிலேயே கேட்க வேண்டும். கூடவே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வயிற்றுப்போக்கு எத்தனை முறை வந்தது என்பதையும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தைக்கு எவ்வளவு கூழ் ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. உணவு மூட்டையை இறக்கிவிட்டுக் கிணற்றைப் பார்க்காமல் போகும் திட்டங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

அளப்பதிலும் ஒரு சிக்கல். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். நான்கு பேர் பிடித்தாலும் குழந்தை காலை மடக்கும். பிறந்த தேதி தெரியாத வீட்டில் திருவிழா, விதைப்பு என்று கேட்டு வயதைக் கணிக்கிறார்கள். வயதை மூன்று மாதம் குறைத்துக் கணித்தாலே குள்ளமான பிள்ளை கணக்கில் சரியான உயரத்துக்கு வந்துவிடலாம்.

கேள்வியின் கடைசியில், 'பள்ளியில் சத்துணவு கொடுத்தால் தீர்ந்துவிடாதா' என்றும் கேட்டிருக்கிறார். இதற்கு விடை அதே நாட்டிலேயே இருக்கிறது. எல் புரோகிரெசோ மாவட்டத்தில் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதம் நிறைந்த அத்தோலே என்ற கூழ், மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். கூழ் குடித்தவர்களில் உயரம் கூடியது மூன்று வயதுக்குள் குடித்தவர்களுக்கு மட்டும்தான். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முதல் இரண்டு வயதுக்குள் கூழ் கிடைத்த ஆண்களின் மணிக்கூலி சுமார் 46 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஆகவே பள்ளிச் சாப்பாடு பசியைத் தீர்க்கும், பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்கும். அதற்காகவே அதைக் கொடுக்கலாம். இழந்த உயரத்துக்கான செலவை மட்டும் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் கணக்கில் எழுத வேண்டும்.