காதல் காமெடியில் பொய் யாரிடம் சொல்லப்படுகிறது?

வணக்கம். எந்தக் காதல் காமெடிப் படத்தை எடுத்தாலும் உள்ளே ஒரு பொய் இருக்கும். ஆள் மாறாட்டம், பணக்கார வேஷம், வாடகைக்கு எடுத்த அப்பா... பொய் இல்லாமல் இந்த வகைப் படம் நகராது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பொய் யாரிடம் சொல்லப்படுகிறது?

[திரையில்: 1964]

ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. கையில் காசில்லாத அசோக், பணக்கார விஸ்வநாதனின் மகள் நிர்மலாவைக் காதலிக்கிறான். அவள் அப்பாவின் சம்மதம் வேண்டும். அதற்காகப் பெரிய பணக்காரரின் மகன் என்று சொல்லிவிடுகிறான். சரி, அந்த அப்பாவைக் கண்ணில் காட்ட வேண்டுமே? நண்பன் வாசு கிழவர் வேஷம் போட்டு வந்து இறங்குகிறான்.

ஏமாறுவது யார்? பாலையா நடித்த விஸ்வநாதன். பணக்காரச் சம்பந்தம் என்றதும் குழைந்துபோகிற மனிதர். நிர்மலாவுக்கோ அசோக் யார் என்று தெரியும், அவளும் கூட்டாளி. அதனால்தான் சிரிக்கும்போது மனதில் எதுவும் உறுத்துவதில்லை. நாகேஷ்கூட அங்கே தனி காமெடி டிராக் அல்ல, அதே வீட்டுப் பிள்ளை. அவர் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சிக்கு இன்றைக்கும் வீடே சிரிக்கிறது.

[திரையில்: 2016]

'ரெமோ'. சிவகார்த்திகேயன் பெண் நர்ஸ் வேஷத்துக்குப் போட்ட உழைப்பு சாதாரணமானதல்ல, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் கதையைப் பாருங்கள். கீர்த்தி சுரேஷ் நடித்த காவ்யா ஒரு டாக்டர். கல்யாணம் நிச்சயமானவள். அவளை விரும்புகிற நாயகன், நர்ஸ் வேஷத்தில் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குள்ளேயே நுழைகிறான். ஒரு தோழியிடம் மனம் திறப்பதாக நம்பி அவள் பேசுகிறாள். அந்தப் பேச்சை வைத்தே அவன் அவள் மனதை மாற்றுகிறான்.

இங்கே பொய் சொல்லப்படுவது காதலியிடமே. கூட்டாளியாக இருக்க வேண்டியவள் குறியாகிவிட்டாள். திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், தன் வாழ்க்கையை முடிவு செய்யப்போகிற அவளுக்கு மட்டும் தெரியாது. நாயகி நகைச்சுவையில் பங்கெடுக்க முடியாமல் போவது இப்படித்தான். சிரிப்புக்குக் காரணம் என்னவென்றே தெரியாதவளுக்கு எப்படி நல்ல வசனம் எழுத முடியும்? வியக்கலாம், கோபப்படலாம், கடைசியில் மன்னிக்கலாம். அவ்வளவுதான் மிச்சம். அந்த மன்னிப்பும், 'எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறான் பார்' என்று நம் கண்ணைக் கலங்கவைத்து வாங்கப்படுகிறது. பட்ட கஷ்டத்துக்குக் கூலி அவள்தானா?

2022-ல் வந்த 'லவ் டுடே' இந்த விஷயத்தில் ஓரடி முன்னே வைத்தது. சத்யராஜ் நடித்த நாயகியின் அப்பா, காதலர்கள் இரண்டு பேரின் போனையும் ஒரு நாள் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். மறைத்த விஷயங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, அதனால் பதற்றமும் சிரிப்பும் இரண்டு பக்கமும் வருகின்றன. பிற்பாதியில் பாரம் நாயகியின் தலையில் கூடிவிட்டது என்பது என் குறை.

இப்போது 'ரெமோ'வுக்கே திரும்புவோம். வேஷத்தை எடுக்க வேண்டாம், மருத்துவமனையையும் மாற்ற வேண்டாம். அவளுக்கு உண்மை தெரியும் நேரத்தை மட்டும் மாற்றுவோம். கிளைமாக்ஸில் இல்லை, முதல் அரை மணி நேரத்தில்.

அவள் டாக்டர் அல்லவா? நாள் முழுக்க நர்ஸுகளோடு வேலை பார்ப்பவள். ஊசி பிடிக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் வெளியே சொல்லவில்லை. வார்டு நடுவில் நின்று, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சிஸ்டர், மூணாவது பெட் பேஷண்டுக்கு டிரிப்ஸ் போட்டுடுங்க" என்கிறாள். அவன் கை நடுங்குகிறது. மூன்றாவது பெட்டில் இருக்கும் தாத்தா எழுந்து உட்காருகிறார். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.