முன்பக்கம் நாட்டுத் தக்காளி, பின்பக்கம் எஃப் 1!

வணக்கம் மக்களே. இன்றைக்கு ரோஜா கவாத்து வீடியோ என்று சொல்லியிருந்தேன், அது அப்புறம். இப்போது நான் கடுப்பில் இருக்கிறேன். நேற்று கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி ஒரு விதைக்கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பாக்கெட்டில் தலைப்பாகை கட்டிய தாத்தா, பக்கத்தில் காளை மாடு, கீழே ‘பாரம்பரிய நாட்டுத் தக்காளி’. தாத்தா படம் போட்ட எதையும் நான் நம்புவதில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. திருப்பிப் பார்த்தால் எறும்பு சைஸ் எழுத்தில் எஃப் 1!

எஃப் 1 என்றால் வீரிய ஒட்டு. இரண்டு வேறு செடிகளை மகரந்தம் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை. செடி ஜோராக வளரும், காய்க்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழத்தில் விதை எடுத்துப் போட்டால் குணம் பிரிந்துவிடும். ஒன்று குட்டையாக நிற்கும், ஒன்று கொடி மாதிரி ஓடும், ஒன்றின் பழம் கோலி அளவில் இருக்கும். அதனால் ஒவ்வொரு விதைப்புப் பருவத்துக்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

விலையைச் சொல்லவில்லையே! 20 விதை, 150 ரூபாய். ஒரு விதை ஏழரை ரூபாய். ஒரு கிராமில் சுமாராக 300 தக்காளி விதை இருக்கும், அப்படியென்றால் கிராம் 2,250. கடையில் நின்றபடியே போனில் கணக்குப் போட்டேன். கிலோ இருபத்திரண்டரை லட்சம்! தங்கம் வாங்குகிறவர்கள்கூட உரசிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், நாம் பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைக்காரரிடம், “அண்ணே, எஃப் 1-ன்னு போட்டுட்டு நாட்டு விதைன்னும் போட்டா எப்படிண்ணே?” என்றேன். “எல்லாரும் கேட்டு வாங்கிட்டுத்தானே போறாங்க பாப்பா” என்றார். பாப்பாவாம்! எனக்குத் தலை நரைத்துவிட்டது.

அவரிடமே பி.கே.எம். 1 என்ற தக்காளி ரகத்தின் விதை இருந்தது, 30 ரூபாய். அதைத்தான் வாங்கினேன். இது நம் மலைக்கு நேர் கீழே, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. அன்னஞ்சி உள்ளூர்த் தக்காளியில் சடுதி மாற்றம், அதாவது மரபில் திடீர் மாற்றம், செய்து எடுத்த ரகம். பாட்டி காலத்து விதை என்று சொல்ல முடியாது, கல்லூரி ரகம்தான். ஆனால் ஒட்டு இல்லை, அதனால் விதை எடுத்துப் போட்டால் அதே தக்காளிதான் வரும். வீட்டுத் தோட்டத்துக்கு நான் பார்ப்பது இதைத்தான், தாத்தா படத்தை இல்லை.

சொல்ல மறந்துவிட்டேன், அந்த 150 ரூபாய் விதை ரோஸ் கலரில் இருந்தது. கலர் பூசியிருந்தாலே ஒட்டு விதை என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அது பெரும்பாலும் பூஞ்சண மருந்து, எந்த விதைக்கும் பூசுவார்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஒட்டு வேறு, மரபணு மாற்றம் வேறு. மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை 2010-லேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

சரி, புதிதாக ஆரம்பிப்பவர்கள் எதை வாங்கலாம்? பீன்ஸ், பட்டாணி, தக்காளி. மூன்றும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும், விதை கலப்பது குறைவு. பீன்ஸில் நல்ல செடியாகப் பார்த்து, நாலைந்து காயைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிடுங்கள், வேலை முடிந்தது. தக்காளி விதையைக் கூழோடு இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். இங்கே மூடுபனி நாட்களில் வெளியே எதுவும் காயாது, நான் அடுப்படி அலமாரியில்தான் பரப்பி வைப்பேன். பரங்கி விஷயத்தில் உஷார்: பக்கத்து வீட்டுப் பரங்கியிலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்தால் உங்கள் விதை கலந்துவிடும். கேரட் அதைவிட மோசம், குளிர் பட்டு அடுத்த வருஷம்தான் பூவுக்கே வரும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, கேரட்டை ஞாயிற்றுக்கிழமை சந்தையிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

பூண்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை, பல்லைப் பிரித்து நட்டால் தாய்ப்பூண்டு மாதிரியே வரும். நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சந்தையில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அந்தக் கடையில் கொத்தமல்லி விதைக்கும் ஒரு பாக்கெட், 40 ரூபாய்! குழம்புக்கு வாங்கி வைத்திருக்கிற முழுத் தனியா போதும். பழையதாக இல்லாமல் பார்த்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவுங்கள். வறுத்ததை மட்டும் தூவிவிடாதீர்கள்.